மயிர்க்காலைச் சுற்றி ஒரு மெல்லிய அழற்சி

நெற்றியின் இரு ஓரமும் ஏறி, உச்சியில் தோல் தெரியத் தொடங்கிய ஒருவரின் பிடரியைக் கவனித்துப் பாருங்கள். காதுக்கு மேலும் கழுத்துக்கு மேலும் முடி பழைய அடர்த்தி குறையாமல் இருக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே ரத்தம்தான் போகிறது. தேய்ப்பது ஒரே எண்ணெய், குளிப்பது ஒரே உப்புத் தண்ணீர், போடுவது ஒரே ஹெல்மெட். முடி கொட்டுவதற்கு நம் ஊரில் அடுக்கப்படும் காரணங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு காட்சிக்கு முன் நிற்பதில்லை. தண்ணீர்தான் குற்றவாளி என்றால், பிடரியை அது ஏன் விட்டுவைத்தது?

நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதை 1950களில் சோதித்துப் பார்த்தார். பிடரியிலிருந்து முடியோடு சிறு வட்டமாகத் தோலை எடுத்து வழுக்கை விழுந்த இடத்தில் பதித்தார். வழுக்கைத் தோலை எடுத்து முடி அடர்ந்த இடத்தில் பதித்தார். 1959இல் அவர் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. பிடரி முடி இடம் மாறிய பிறகும் பிடரி முடியாகவே வளர்ந்தது. வழுக்கைத் தோல் முடிக்கு நடுவே போய் உட்கார்ந்தும் வழுக்கையாகவே இருந்தது. ஆக, வழுக்கை என்பது அந்த இடத்தின் குணமில்லை, அந்தந்த மயிர்க்காலின் குணம். இன்று ஊருக்கு ஊர் விளம்பரப் பலகை வைத்திருக்கும் முடி மாற்று சிகிச்சை முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நடக்கிறது.

உச்சியில் இருக்கும் மயிர்க்காலுக்கு அப்படி என்ன பிறவிக்குணம்? பதிலின் முதல் பாதி ஹார்மோன். இதைப் பழங்காலத்தவரே ஓரளவு கவனித்திருந்தார்கள். காயடிக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்ற குறிப்பு ஹிப்பாக்ரடீஸின் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே உண்டு. கவனிப்பை ஆய்வாக மாற்றியவர் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். விரைகள் அகற்றப்பட்ட, அல்லது பருவ வளர்ச்சி முழுமை பெறாத 104 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1942இல் எழுதினார். பருவமடையும் முன்பே விரைகளை இழந்தவர்களில் யாருக்கும் வழுக்கை விழவில்லை. வளர்ந்த பிறகு இழந்தவர்களுக்கு, அதுவரை விழுந்த வழுக்கை அந்த அளவோடு நின்றது. இப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது சிலருக்கு மட்டும் முடி விலகத் தொடங்கியது. அவர்கள் வழுக்கை உள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள். மற்றவர்களுக்கு அதே ஊசி தலையில் ஒன்றும் செய்யவில்லை.

ஹாமில்டனின் கட்டுரையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, அவர் முடிவை அளந்து சொன்ன விதம். ஆண் ஹார்மோன் இல்லாமல் வழுக்கை இல்லை, ஆனால் அந்த ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் வயதும் சேர வேண்டும் என்றார். இன்னொரு விஷயத்தையும் அவர் பதிவு செய்திருந்தார். ஹார்மோன் நின்றால் முடி இழப்பு நிற்கிறது. போன முடி பழையபடி திரும்புவதில்லை. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணத்தை நீக்கிய பிறகும் விளைவு ஏன் தங்குகிறது என்ற கேள்வி அதற்குள் இருந்தது. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு பழைய நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். வழுக்கை உள்ளவருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய. ரத்தத்தில் அளந்தால் வழுக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். வேறுபாடு மயிர்க்காலுக்குள் நடக்கும் வேலையில். அங்கே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி, டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டி.எச்.டி. என்பார்கள். ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியோடு டி.எச்.டி. பல மடங்கு இறுக்கமாக ஒட்டும். அவ்வளவு எளிதில் விலகாது.

இந்த நொதியின் முக்கியத்துவம் தெரிய வந்தது டொமினிக்கன் குடியரசின் சாலினாஸ் என்ற கிராமத்திலிருந்து. அங்கே சில குடும்பங்களில் பெண் குழந்தைகள் என்று வளர்க்கப்பட்ட சிலர், பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லியும் அவருடைய குழுவினரும் 1974இல் காரணத்தை வெளியிட்டார்கள்: அவர்களுக்குப் பிறவியிலேயே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தது, டி.எச்.டி. மட்டும் மிகக் குறைவு. அவர்கள் வளர்ந்து ஆண்களாக வாழ்ந்தபோது புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, தாடி அரிதாக இருந்தது, முன்நெற்றி ஏறவே இல்லை. இந்தக் கட்டுரைதான் மெர்க் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபினாஸ்டரைடு மருந்துக்கு வழி காட்டியது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாக 1992இல் அமெரிக்காவில் அனுமதி. வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997இல்.

டி.எச்.டி. முடியை நேரடியாக அறுப்பதில்லை. அது பேசுவது மயிர்க்காலின் அடியில் உள்ள பாப்பில்லா என்ற சிறு செல் திரளோடு. முடி எவ்வளவு தடிமனாக, எவ்வளவு காலம் வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அது. தலைமுடி ஒவ்வொன்றும் சுமார் 2 முதல் 6 ஆண்டுகள் வளரும். பிறகு ஓரிரு வாரம் சுருங்கும். சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து உதிரும். அதே குழியில் மறுபடி முளைக்கும். டி.எச்.டி.க்கு இணங்கும் மயிர்க்காலில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது, பாப்பில்லா சிறுக்கிறது, முளைக்கும் முடி முன்னதைவிட மெலிதாகிறது. கடைசியில் குழந்தையின் கன்னத்தில் இருப்பது போன்ற நிறமில்லாத பூனைமுடி மிஞ்சுகிறது. வழுக்கையில் முடி கொட்டுவதைவிட முடி சிறுப்பதுதான் முக்கிய நிகழ்வு. சீப்பில் வந்த முடியை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் தவறான கணக்கைப் பார்க்கிறார்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. மறுபடி முளைப்பது எந்தத் தடிமனில் முளைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதே டி.எச்.டி. முகத்தில் தாடியைத் தடிமனாக்குகிறது. ஒரே கட்டளைக்கு இரண்டு மயிர்க்கால்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன என்பதுதான் இந்தத் துறையின் மிக அழகான புதிர். தாடியின் பாப்பில்லா செல்கள் டி.எச்.டி. பட்டதும் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. வழுக்கை விழும் உச்சியின் பாப்பில்லா செல்கள் டி.ஜி.எஃப்-பீட்டா-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். தென்கொரியாவில் ஒரு குழு 2008இல் டி.கே.கே-1 என்ற இன்னொரு தடைப்புரதத்தையும், 2012இல் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது.

கடைசிப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்டர்லூக்கின்-6, காய்ச்சலிலும் காயத்திலும் உடல் பயன்படுத்தும் அழற்சிச் செய்தி. டி.ஜி.எஃப்-பீட்டா-1 இன்னும் சுவாரசியமானது. முடியை வளர்க்கும் செல்களுக்கு அது நிறுத்தக் கட்டளை. பக்கத்தில் இருக்கும் நார் செல்களுக்கோ கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்யும் கட்டளை. கல்லீரல் இறுகுவதிலும் நுரையீரல் தழும்பாவதிலும் கை வைக்கும் அதே புரதம்தான் இது. ஹார்மோன் துறையும் அழற்சித் துறையும் தனித்தனி மாடியில் இயங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். மயிர்க்காலின் அடியில் ஒரே செல், ஒரே தூண்டலில், இரண்டு வேலையையும் தொடங்கிவிடுகிறது.

நோய்க்கூறியல் மருத்துவர்கள் இதன் தடயங்களை இதற்கு முன்பே கண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஜவோர்ஸ்கி, கிளிக்மன், மர்ஃபி ஆகிய மூவர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. முழு வழுக்கையான இடத்தோடு நில்லாமல், முடி மெலிந்துகொண்டிருக்கும் எல்லைப் பகுதியிலிருந்தும் தோல் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். போர் முடிந்த நிலத்தில் சண்டை எப்படி நடந்தது என்று தெரியாது என்பதால் இந்தத் தேர்வே பாதி வெற்றி. அங்கே மயிர்க்காலின் மேல் பகுதியைச் சுற்றி, தூண்டப்பட்ட டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் குழுமியிருந்தன. அழற்சிப் பொருள்களைத் துகள்களாகச் சேமித்து வைக்கும் மாஸ்ட் செல்கள் அவற்றைக் கொட்டியிருந்தன. மயிர்க்காலைச் சுற்றிய உறையில் நார் செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜனை அடுக்கிக்கொண்டிருந்தன. நோயெதிர்ப்புச் செல்கள் குறிப்பாக வந்து சேர்ந்த இடம், மயிர்க்காலின் பக்கவாட்டில் சற்றே புடைத்திருக்கும் பகுதி. முடியை மறுபடி மறுபடி முளைக்க வைக்கும் ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான்.

டாலஸ் நகரின் டேவிட் வைட்டிங் அடுத்த ஆண்டு எண்களோடு வந்தார். வழுக்கை விழும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், கவனிக்கத்தக்க அழற்சியும் நார்த்தன்மையும் இருந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த வழுக்கையில்லாத தலைகளில் அது பத்தில் ஒன்று அளவே. முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் என்ற மருந்தைத் தடவியபோது, அழற்சி இல்லாதவர்களில் சுமார் 77 சதவீதத்தினருக்கு முடி ஓரளவு திரும்பியது. அழற்சி உள்ளவர்களில் சுமார் 55 சதவீதத்தினருக்கு. பிரெஞ்சு ஆய்வாளர் மாஹே 2000ஆம் ஆண்டில் இதற்கு நுண்ணழற்சி என்ற பொருளில் பெயர் சூட்டினார். சிவப்பில்லை, வலியில்லை, சீழில்லை. கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கும்.

இந்த எண்ணைப் பாதியாக மட்டும் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் அழற்சி என்றால், மூன்றில் இரண்டு பேர் வரை அது பெரிதாக இல்லாமலேயே வழுக்கையாகிறார்கள் என்றும் அர்த்தம். அழற்சிதான் மூல காரணம், ஹார்மோன் வெறும் பழிசுமக்கும் ஆள் என்று வாதிடுகிறவர்கள் இந்த மறுபாதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் முடிவு இது: தொடக்கம் ஹார்மோனுடையது, திரும்பி வர முடியாமல் போவதில் அழற்சிக்கும் அது விட்டுச்செல்லும் நாருக்கும் பங்கு இருக்கிறது. சாலினாஸ் ஆண்களுக்கும் ஹாமில்டன் பார்த்தவர்களுக்கும் தலையில் பொடுகும் பூஞ்சையும் வெயிலும் இல்லாமலா இருந்திருக்கும்? போதிய டி.எச்.டி. இல்லாததால் வழுக்கை விழவில்லை. ஃபினாஸ்டரைடு அழற்சியைத் தொடவே குறி வைக்காத மருந்து. அது முடியைக் காக்கிறது. எதிர்ப்பக்கம், அழற்சி வழியை மட்டும் அடைத்துப் பார்த்த சோதனைக்கு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

அந்தச் சோதனையின் கதை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரேலிஸின் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. அவரும் லூயிஸ் கார்சாவும் 2011இல், முடி மாற்று சிகிச்சைக்கு வந்த ஆண்களின் தோலில் வழுக்கைப் பகுதியையும் முடியுள்ள பகுதியையும் ஒப்பிட்டார்கள். வழுக்கைத் தோலில் ஸ்டெம் செல்கள் செத்துப் போயிருக்கும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. செல்கள் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து பிறந்து முடியை உருவாக்க இறங்க வேண்டிய அடுத்த கட்டச் செல்கள்தான் வெகுவாகக் குறைந்திருந்தன. விதைநெல் குதிரில் பத்திரமாக இருக்கிறது, நாற்றங்காலுக்கு வந்து சேரவில்லை. வழுக்கை ஆய்வில் இதைவிட நம்பிக்கை தரும் செய்தியை நான் படித்ததில்லை.

எது தடுக்கிறது என்று தேடிய அதே குழு 2012இல் புராஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருளைச் சுட்டியது. மாஸ்ட் செல்கள் சுரக்கும் அழற்சிப் பொருள்களில் ஒன்று. வழுக்கைத் தோலில் அது கூடுதலாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மயிர்க்கால்கள் மேல் விட்டால் முடி வளர்ச்சி குன்றியது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியை அடைக்கும் செடிபிப்ரான்ட் என்ற மாத்திரை, ஒவ்வாமைக்காக ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்தது. எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. வழுக்கை உள்ள ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வந்தபோது, மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. கருதுகோள் தவறென்று இதனால் ஆகிவிடாது. ஹார்மோன் தொடர்ந்து கட்டளை பிறப்பித்துக்கொண்டிருக்கும்போது, பல செய்திகளில் ஒன்றை மட்டும் மறிப்பது போதவில்லை என்பது மட்டும் உறுதி.

அழற்சி முழு வேகத்தில் முடியைத் தாக்கினால் எப்படி இருக்கும் என்பதற்குப் புழுவெட்டு உதாரணம். தலையிலோ தாடியிலோ காசு வட்டத்தில் முடி திடீரெனப் போய்விடும். புழுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலின் டி-செல்கள் மயிர்க்காலின் அடிக்குமிழைச் சூழ்ந்துகொள்கின்றன. நம் வீடுகளில் அதற்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். பாக்தாத் மருத்துவர்கள் 2002இல் வெங்காயச் சாற்றைப் புழுவெட்டில் சோதித்து, தண்ணீர் தடவியவர்களைவிட அதிகம் பேருக்கு முடி முளைத்ததாக எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். அதுவும் புழுவெட்டுக்கு மட்டுமே பொருந்தும். உச்சி வழுக்கைக்கு வெங்காயம் தேய்த்துக் கண்ணெரிந்து நிற்கும் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. புழுவெட்டில் தாக்குதல் கடுமையாக இருந்தும் முடி திரும்ப முடிகிறது, ஏனென்றால் அடிக்குமிழ் தாக்கப்பட்டாலும் ஸ்டெம் செல்களின் குடியிருப்பு தப்பிவிடுகிறது. பாரிசிட்டினிப் என்ற நோயெதிர்ப்பு மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் கடும் புழுவெட்டுக்காக அனுமதி கிடைத்தது. ஆண் வழுக்கைக்கு அந்த வகை மருந்துகளுக்கு அனுமதி இல்லை. அழற்சியின் அளவைவிட, அது எந்த இடத்தில் நடக்கிறது, எத்தனை காலம் நடக்கிறது என்பது முடிக்கு முக்கியம்.

இதனால் உச்சந்தலை அரிப்பையும் பொடுகையும் விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. தலைத்தோலின் எண்ணெயில் மலசீசியா என்ற ஈஸ்ட் வாழ்கிறது. பொடுகில் அதற்கு எதிராகத் தோல் அழற்சியோடு இயங்குகிறது. கீட்டோகொனசோல் ஷாம்பு அந்த ஈஸ்ட்டைக் குறைக்கும். பெல்ஜியத்தில் 1998இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் அந்த ஷாம்பு முடியின் அடர்த்தியை 2 சதவீத மினாக்சிடில் அளவுக்கு உயர்த்தியது. துணையாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி இரண்டு மூன்று ஆண்டைக் கடத்துவதுதான் எனக்குக் கவலை தருவது, ஏனென்றால் அந்த ஆண்டுகளில் மயிர்க்கால்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன.

ஃபினாஸ்டரைடின் பெரிய சோதனைகளில் 18 முதல் 41 வயது வரை, மிதமான வழுக்கை உள்ள 1,553 ஆண்கள் கலந்துகொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கு மட்டுமே. ரத்தத்தில் டி.எச்.டி.யை அது சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. வயதையும் வழுக்கையின் அளவையும் கவனியுங்கள். மினுமினுக்கும் முழு வழுக்கையை யாரும் இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. பாலியல் தொந்தரவு ஏதேனும் ஒன்று மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் வந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் அது நீடித்ததாகச் சிலர் தெரிவித்ததால் 2012இல் அமெரிக்காவில் எச்சரிக்கைக் குறிப்பு விரிவுபடுத்தப்பட்டது. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியது. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது. மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

குடும்பத்தைப் பார்த்து முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று கேட்பார்கள். ஆண் ஹார்மோன் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. தாய்மாமன் தலையைப் பார்க்கச் சொல்வதில் அந்த அளவு உண்மை உண்டு. ஆனால் பிரிட்டனில் 52,000 ஆண்களிடம் 2017இல் நடந்த மரபணு ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. எக்ஸ் குரோமோசோமில் அவற்றில் 40தான். அப்பாவின் தலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சாதாரண ஆண் வழுக்கையில் நடப்பவை. இந்த மெல்லிய அழற்சி சிலருக்கு எல்லை மீறிப் போகிறது. சூரிக் நகரின் சின்கர்நாகலும் ட்ரூயெபும் 2000ஆம் ஆண்டில் அப்படிப்பட்டவர்களை விவரித்தார்கள். வெளிப்பார்வைக்கு வழக்கமான உச்சி வழுக்கைதான். நுண்ணோக்கியில் பார்த்தால், சிறுத்துக்கொண்டிருக்கும் மயிர்க்கால்களையே நோயெதிர்ப்புச் செல்கள் தேர்ந்தெடுத்து அழிக்கின்றன, குழி இருந்த இடம் தழும்பாகிறது. ஹார்மோன் வழியும் அழற்சி வழியும் ஒரே தலையில் உச்சத்தில் சந்திக்கும் நிலை அது. முடி மாற்று சிகிச்சைக்குப் போகும் முன் உச்சியில் எரிச்சலோ, முடியின் அடியைச் சுற்றிச் சிவப்போ, செதிலோ, மயிர்க்குழிகளின் புள்ளிகளே தெரியாத வழவழப்போ இருந்தால், தோல் மருத்துவரிடம் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் சிறு தோல் துணுக்குச் சோதனை. அழற்சி அடங்காத தலையில் நட்ட முடியும் அதே செல்களுக்கு இரையாகிவிடலாம். அதை மாதக்கணக்கில் மருந்தால் அடக்கி, அடங்கியது உறுதியான பிறகே மருத்துவர் நடுவதைப் பற்றிப் பேசுவார்.